எந்தக் கரை

இஸ்தான்புல்லுக்கு ஒரு டிக்கெட் என்பவரிடம்
நான் கேட்கும் முதல் கேள்வி: எந்தக் கரை?
சிலர் விழிப்பார்கள்.
கிழக்கு மூலையில், ஏரியோரம்,
வான் என்று பெயர்கொண்ட எங்கள் ஊரில்
விமான நிலையம் ஒன்றுதான்.
அங்கே இரண்டு. நடுவில் கடல்.
தப்பான கண்டத்தில் இறங்கிவிட்டால்
ஆகாயத்தில் வந்த அதே நேரம்
பேருந்திலும் உட்கார வேண்டும்.

நான் போனதில்லை.
மேசைமேல் அந்நகரின் வரைபடம் விரித்திருக்கிறேன்.
தேநீர் வைத்து வைத்து
இரண்டு கரைக்கும் நடுவே ஒரு வட்டக் கறை.

"சபிஹாவில் இறங்குங்கள், வாசலிலேயே மெட்ரோ"
என்றேன் ஒருமுறை ஹாஜெர் அக்காவிடம்.
"யார் அந்தச் சபிஹா? அவள் வீட்டில்
எனக்கும் பேரனுக்கும் படுக்க இடமிருக்குமா?"
நான் சிரிக்கவில்லை.
பெண்பேர் வைத்த நிலையம்
யாருக்கும் உறவுக்காரி போலத்தான் கேட்கும்.
மற்றதைப் புதியது என்போம், அவ்வளவுதான்.
கருங்கடல் காற்றடிக்கும் பெரும் பொட்டல்.
தரை தொட்ட பிறகும் விமானம்
ஊர்ந்துகொண்டே இருக்குமாம்,
வழி மறந்த லாரி போல.

மிர்ஸா வந்தது மார்ச்சில், பனி சேறான ஒரு செவ்வாய்.
கையில் தகர டப்பா, மூலிகை போட்ட பாலாடைக்கட்டி,
மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப்.
அப்படியும் அறைக்கே வாசனை ஏறியது.
"எந்தக் கரை?"
அவர் தொப்பியைக் கழற்றினார்.
பெரியவள் குலிஸ்தான் பெந்திக்கில், ஆசியா.
சின்னவள் ரோஜ்தா எசென்யுர்ட்டில், ஐரோப்பா.
இருவரும் பேசி மூன்று வருடம்.
எதனால் என்றும் சொன்னார்:
ஒரு தையல் இயந்திரம்.
"யார் பக்கம் முதலில் இறங்கினாலும்
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு.
நடுவில் இறங்குகிற விமானம் ஏதும் உண்டா, மகளே?"
"நடுவில் தண்ணீர்தான், மாமா."

போக சபிஹா, திரும்பப் புதியது.
அப்படிப் போட்டால் முந்நூற்று நாற்பது லிரா கூடுதல்.
எச்சில் தொட்டு எண்ணி வைத்தார்.
மூத்தவளுக்கு முதல் முகம்,
இளையவளுக்குக் கடைசி முகம்,
கடைசியில் பார்த்ததுதான் மனசில் நிற்கும் என்று
அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.
நியாயம் வழங்கிவிட்ட மனிதரின் நடை அது,
வாசல் சேற்றில் வழுக்கும்வரை.

அவர் பறந்த மாலை இஸ்தான்புல்லில் மூடுபனி.
இரண்டு கரையும் மூடின.
விமானம் அங்காராவில் இறங்கியது,
அன்று யாருமே கேட்காத ஊர்.

எட்டு மணிக்குத் தொலைபேசி.
"என் அப்பா எங்கே?" பெரியவள்.
சொன்னேன்.
எட்டேகாலுக்கு மறுபடி. அதே கேள்வி, மெல்லிய குரல்.
வைக்கப்போனவள் வைக்கவில்லை.
"வேறு யாராவது கேட்டார்களா?"

பயணி விவரம் பிறரிடம் பேசக் கூடாது என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்.
"கேட்டார்கள்" என்றேன்.
"அழுதாளா?"
"இல்லை. அப்பா பிறந்த வருடத்தை
உங்களைப் போலவே தப்பாகச் சொன்னார்கள்.
அதே தப்பு வருடம்."
கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.

அங்காராவில் இரவு எப்படிக் கழிந்தது,
யார் யார் பேருந்து பிடித்தார்கள்,
டப்பாவை எங்கே வைத்துத் திறந்தார்கள்,
எனக்குத் தெரியாது. நான் டிக்கெட் விற்பவள்.

செப்டம்பரில் மறுபடி வந்தார்.
வேறு டப்பா, அதே மூன்று சுற்று.
"எந்தக் கரை?"
"எது மலிவோ அது."
திரையைப் பார்த்தேன்.
அன்றைக்கென்று பார்த்து இரண்டும் ஒரே விலை.
சொன்னேன்.
அவசரமில்லை என்பது போல் கையசைத்து
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
என் தேநீரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.