இணைப்பு ஏழு

ஹம்மர்ஃபெஸ்டில் சூரியன் திரும்பி
இரண்டு வாரம்தான் ஆகிறது.
அவசரமாய் வந்த விருந்தாளி மாதிரி
வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
என் மேசையில் ஒன்பது விண்ணப்பங்கள்.
மழலையர் பள்ளியில் காலியிடம் ஒன்று.

எட்டை ஒதுக்குவது எளிதாக இருந்தது.
ஒன்பதாவது செம்ஹாருடையது.
கறையில்லாத தாள்கள், லேசாய் மீன் வாசம்.
(மீன் ஆலை என்று படித்த பிறகுதான்
வாசம் வந்தது.
முதல் பக்கத்தில் இருக்கவில்லை.)

இணைப்பு ஒன்று, காவல்துறைச் சான்று.
குற்றம் ஏதுமில்லை.
இரண்டு, காசநோய்ப் பரிசோதனை.
மூன்று, மொழித் தேர்வு:
பேச்சில் தேறியவர், எழுத்தில் ஒரு படி கீழே.
நான்கில்
ரப்பர் குழந்தையின் மார்பை
இரண்டு விரலால் முப்பது முறை அழுத்தி
இரண்டு முறை மூச்சு ஊதினார் என்று
தீயணைப்பு வீரர் ஒருவரின் கையெழுத்து.
குழந்தை பிழைத்ததா என்று போடவில்லை.

ஐந்து, ஆலை மேற்பார்வையாளரின் கடிதம்:
'ஆறு வருடத்தில் ஒரு நாளும் தாமதம் இல்லை.
கத்தியை வைத்த இடம் மறக்காதவர்.'
ஆறு, குடியிருப்பு அனுமதி.
எட்டு, தடுப்பூசி அட்டை.

ஏழு என்ற இடத்தில்,
ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் இருக்க வேண்டிய இடத்தில்,
ஒரு வெள்ளைத் தாள்.
நடுவில் நீல மையில்:
'கெரென் நகரம். இரண்டு வருடம் படித்தேன்.
பதினொரு வருடம் கற்பித்தேன்.
தாள் வரவில்லை. நான் வந்துவிட்டேன்.'

என் பட்டயம் எனக்குப் பின்னால்
கண்ணாடிக்குள் தொங்குகிறது.
அது கைக்கு வந்த மாதம்
சிந்த்ரே என்றொரு பையன்
கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டான்.
உள்ளே அவன் அழ, வெளியே நான் அழ,
சமையலறையிலிருந்து குன்வோர் வந்து
சூப்புக் கரண்டியின் காம்பால்
தாழை நெம்பினாள்.
அவளிடம் எந்தத் தாளும் இல்லை.
கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நேர்காணலில்
அச்சடித்த கேள்விகளைத்தான் கேட்டேன்.
'ஒரு குழந்தை கடித்தால் என்ன செய்வீர்கள்?'
'எந்தக் குழந்தை?'
'பொதுவாக.'
'பொதுவாக யாரும் கடிப்பதில்லை' என்றாள்.
பதில் எழுதும் கட்டம் சிறியது.
காலியாக விட்டேன்.

ஆசிரியராக எடுக்க விதி இல்லை என்று
என் மொழியிலேயே நான் திக்கிச் சொன்னேன்.
உதவியாளராக வேண்டுமானால், நாற்பது சதவீத வேலை,
கோடை வரை.
'உதவியாளர்' என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்,
புதுச் செருப்பில் கால் நுழைப்பது போல.
'யாருக்கு உதவி?'

குழுத் தலைவருக்கு என்றேன்.
எயிரிக்குக்கு இருபத்து நான்கு வயது,
பட்டயத்துக்கு எட்டு மாதம்.
அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை.
பேனா எழுதுகிறதா என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள்.
கையெழுத்திட்டாள்.

திங்கட்கிழமை.
பதினொரு குழந்தைகள், இருபத்திரண்டு கையுறைகள்.
இருபத்திரண்டாவதை எயிரிக் தேடிக்கொண்டே இருக்க,
அவள் தன் ஒரு கையுறையைக் கழற்றி
ஊல்வாவின் கையில் மாட்டிவிட்டு,
முழங்கை வரை தொங்கிய அதைப் பார்த்து இருவரும்
சிரித்துக்கொண்டே பனிக்குள் போனார்கள்.
இதைக் கோப்பில் எந்த எண்ணில் சேர்ப்பது?

சாயங்காலம் எல்லாத் தாளுக்கும் துளையிட்டேன்.
வெள்ளைத் தாள் வந்தபோது
இயந்திரத்தை அழுத்தக் கை வரவில்லை.
அதை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
கோப்பில் எண்கள்
ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுகின்றன.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.
கேட்கட்டும்.