மிச்ச எள்ளு

அந்தியேட்டிக்குக் கால் கிலோ என்று
லிஸ்ற்றில் எழுதியிருந்தது.
ஐயர் எடுத்தது ஒரு சிறங்கை.
கீரிமலையில் ஆம்பிளையள் வரிசையாய் நின்று
விரலிடுக்கால் தண்ணீரோடு விட்டது
அவ்வளவுதான்.
நான் செருப்புகளுக்குக் காவல்.

மிச்சமெல்லாம் கொக்குவிலுக்கு வந்தது.
அரிசியை அடுத்தநாளே உலையில் போட்டோம்.
வாழைக்காய் பொரியலாச்சு,
தேங்காய் சொதிக்குப் போச்சு.
எள்ளை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை,
எறியவும் துணியவில்லை.
நெஸ்ரமோல்ற் போத்தலுக்குப் பின்னால்
முடிச்சுப் போட்ட பையில்
இரண்டு மாதம்.

எனக்கு வங்கியில் நகை அடகுக் கவுண்டர்.
மற்றவர்களின் தாலிக்கொடியைத்
தராசில் வைத்து
மில்லிகிராம் வரை வாசித்துச் சொல்பவள்.
எள்ளளவு கூடினாலும் குறைந்தாலும்
கீழே என் கையெழுத்து.

இன்றைக்கு ஞாயிறு. வீட்டில் மரக்கறி இல்லை.
இடியப்பம் அவிந்து ஆறுகிறது.
பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.

சுளகில் கொட்டிப் புடைக்க
இரண்டு கல், ஒரு நெல்,
ஒரு துண்டுத் தர்ப்பை.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
சன்னல் கம்பியில் செருகினேன்.

தாச்சி காய்ந்தது. எண்ணெய் வேண்டாம்,
அது உள்ளேயே இருக்கு.
கொஞ்ச நேரம் ஒரு அசுகையும் இல்லை.
பிறகு ஒன்று துள்ளியது,
பிறகு நாலு,
பிறகு தகரக் கூரையில் மாரி மழை.
ஒன்று பறந்து வந்து மணிக்கட்டில் சுட்டது.
"சும்மா இருங்கோ மாமா"
வாயில் வந்துவிட்டது.

பதினொரு வருசம் என் கையால் சாப்பிட்டவர்.
நல்லதென்று சொன்னதில்லை,
கூடாதென்றும் சொன்னதில்லை.
உப்புப் போத்தலைத் தன் பக்கம்
மெல்ல இழுத்துவைப்பார்.
அவ்வளவும்தான் எங்கள் கதைபேச்சு.

செத்தல் ஐந்து, உள்ளி மூன்று பல்லு,
உப்பு கண்மட்டு.
ஒன்றையும் நிறுக்கவில்லை.
கிறைண்டர் மூடி வெடித்தது, உள்ளங்கையால்
துள்ளும் மீனை அமத்துவதுபோல்
அமத்திப் பிடிக்க வேண்டும்.
நிற்பாட்டித் திறந்தால்
கறுப்புமில்லை, பச்சையுமில்லை, ஒரு நிறம்.
சம்பல் என்று நினைத்தேன்,
சாம்பல் என்று வந்தது.
நடுவில் நிற்பது ஒரேயொரு கால்.
அதை எடுத்துவிட்டால் சாப்பிடலாம்.

பழப்புளியை ஒரு பாக்களவு கரைத்து
அந்தத் தண்ணீரை விட்டேன்.
இளகும் என்று பார்த்தால் இறுகியது.
இன்னும் விட, இன்னும் இறுகிக்
கட்டியாய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.
பத்து வருசக் கோபம்போல.
விட்டுக்கொண்டே இருந்தேன்.
எந்தச் சொட்டில் என்று தெரியவில்லை,
எல்லாம் குழைந்து
பால்போல் வழியத் தொடங்கியது.
அப்போதுதான் உறைத்தது,
எள்ளும் தண்ணீரும்
நானும் விட்டாச்சென்று.
மந்திரம் இல்லை. தர்ப்பை சன்னலில்.
தெற்கு எந்தப் பக்கமென்றும் பார்க்கவில்லை.

உருத்திரன் முழுகிவிட்டு வந்தான்.
கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.
"எந்த எள்ளு?"
"மிச்சம்."
பிய்த்த இடியப்பத்தைக் கையில் பிடித்தபடி இருந்தான்.
ஒழுங்கைக்குள் ஐஸ்கிறீம் வான்
அதே பாட்டோடு வந்து
அதே பாட்டோடு போனது.

மகள்தான் முதல் தொட்டாள்,
இடியப்பம் இல்லாமல், வெறும் விரலால்.
"உறைக்குது" என்றாள்,
திரும்பவும் தொட்டாள்.

பிறகு அவன்.
மென்றான். விழுங்கினான்.
ஒரு சொல்லும் இல்லை.
கை மட்டும் நீண்டு
உப்புப் போத்தலைத் தன் பக்கம் இழுத்தது.

நான் மூடியில் கையை வைத்தேன்.
"போடும்.
எவ்வளவு குறையெண்டு
வாயால சொல்லிப்போட்டுப் போடும்."