கட்டு

ஓசூர் ஓட்டல் ஒன்றில், மாநாட்டின் மதியச் சாப்பாட்டுக்குப் பின்
மேடையில் ஒருவர் கேட்டார்:
"இன்னும் ஊசி போட்டே புரை எடுக்கிறவங்க
கை தூக்குங்க."
மூன்று கைகள். நான்காவதாக என்னுடையது
பாதி எழுந்து
முடி ஒதுக்குவதுபோல் இறங்கிக்கொண்டது.

படிக்கும்போது கண்ணுக்கு ஐந்து தையல் போட்டேன்,
முடியைவிட மெல்லிய கறுப்பு நூல்.
அப்புறம் தையலே இல்லாத ஆறு மில்லிமீட்டர்.
இப்போது இரண்டு சொச்சம்.
காயம் சிறுக்கச் சிறுக்கப் பேச்சு பெருகிவிட்டது.
திரையில் ஓடிய எந்த வரைபடத்திலும்
அதற்குக் கோடு இல்லை.

ஊசி போட்ட கண், சாவி எடுத்த லாரி.
சொட்டு மருந்து மட்டும் விட்ட கண்
தொப்பூர் இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.
பேசிப் பேசித்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை, தருமபுரி, ஒன்பதாவது கேஸ்.
சாலம்மாள், பாப்பாரப்பட்டி, புளி தட்டுகிற வேலை.
"வெளிச்சத்தையே பாருங்கம்மா."
"எந்த வெளிச்சத்த? ரெண்டு இருக்குதே."
"ரெண்டுக்கும் நடுவுல."
"நடுவுல ஒண்ணுமே இல்லியே டாக்டரு."
சரிதான். நடுவில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைப் பார்த்தபடி
பதினோரு நிமிடம் அசையாமல் கிடந்தாள்.

"முடிஞ்சுதும்மா."
"எடுத்தது எங்க? காட்டு."

முன்பு காட்டியிருப்பேன். முழுசாக வரும்,
பழுத்த புரை என்றால் புளியங்கொட்டை நிறத்தில்.
இப்போது உள்ளேயே உடைத்து, கரைத்து,
குழாய் வழியே பைக்குள் போய்விடுகிறது.
சொன்னேன்.
"கொட்டைய நிறுத்துதான் எங்களுக்குக் கூலி"
என்றாள். நம்பவில்லை.

ரோசலின் சிஸ்டர் கறுப்புக் கண்ணாடியை நீட்ட
அதைத் தொடவே இல்லை.
"கட்டு எங்க?"
"இப்பல்லாம் கட்டு கிடையாதும்மா. மொகத்துல தண்ணி படாம,
கண்ணக் கசக்காம இருந்தாப் போதும்."
"உனக்குப் போதும்.
கட்டில்லாமப் போனா
ஊட்டுல எவ நம்புவா?
நாளைக்கே கிடங்குக்கு வாங்கும்பான் மேஸ்திரி.
மூணு நாளு, டாக்டரு. பெருசாப் போடு."

மாநாட்டில் இதை யாரும் கேட்கவில்லை.

இரண்டு பஞ்சு வைத்தேன், அழுத்தாமல்,
தூக்கிச் சொட்டு விடும்படி.
சிஸ்டர் என்னைப் பார்த்தார்,
பிறகு கூரையை.

மறுநாள் காலை பிரித்தேன்.
கண் தெளிந்து கிடந்தது, முந்தின நாள்
யாரும் உள்ளே போய்வராத மாதிரி.
மூன்று கால் எழுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும்
விரலை அந்தப் பக்கம் திருப்பினாள்;
கடைசிக்கு முந்தின வரிவரை தப்பே இல்லை.
சிரிக்கக்கூட இல்லை.
"பாத்தாச்சில்ல? மறுபடி ஒட்டிடு."

படிவத்தில் எழுதினேன்: பார்வை, ஆறில் ஒன்பது.
கட்டு என்ற கட்டம்
புதிய படிவத்தில் இல்லவே இல்லை.
பிளாஸ்டரை நெற்றியிலிருந்து கன்னம்வரை
தாராளமாகக் கிழித்தேன்,
பஸ் ஏறுவதற்குள்ளேயே
நாலு பேர் கேட்கிற மாதிரி.