மூணு வெளிச்சம்

லேபில் ஒரு பெட்டி.
உள்ளே சாம்பல் சுவர், மேலே மூணு சுவிட்சு:
பகல், கடை, வீடு.
சாயம் ஏறிய துணித்துண்டை வைத்து
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பதற்கு
பிடித்தம் போக மாதம் பதினாலாயிரம்.

கடை வெளிச்சத்தில் ஒத்துப்போன பச்சை
பகலில் எடுத்தால் வேறெவனோ பெற்ற பச்சை.
எங்கள் தொழிலில் அது குற்றம்.
'வெளிச்சத்துக்கு ஒரு மூஞ்சி காட்டுது, தூக்கிக் கடாசு'
என்பார் இன்சார்ஜ் சதாசிவம்.
கடாசுவேன்.
கடாசும் முன் நம்பரைக் குறித்துக்கொள்வேன்.
ஏனென்று அப்போது கேட்டிருந்தால்
சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிறு மட்டும் கோவை.
ஹோப் காலேஜில் இறங்கி, மொபைல் கடைக்கு மாடியில் சலூன்.
முடி வெட்டுகிறவள் ரின்புயி,
ஐஸாலிலிருந்து வந்து நாலு வருஷம்,
எங்கள் 'ங்க'வை எங்களைவிட அழுத்திப் போடுவாள்.
'சொல்லுங்க்கா, என்ன கலருங்க?'
அவள் நீட்டிய அட்டையைத் தள்ளி வைத்தேன்.
டியூப் லைட்டில் கறுப்பு.
மஞ்சள் பல்பில், நல்லெண்ணெய் தேய்த்த தலை.
வெயிலில் மட்டும் மயில்.
அவள் சிரிக்கவில்லை, தொழில்காரி.
கிண்ணம் கிண்ணமாய்க் கலக்கி
ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் நடந்தாள்.
நாலாவது கிண்ணம் பாஸ்.

சாயங்காலம் உக்கடம் குளக்கரை.
இர்ஷாத்தும் ஆல்வினும் ஸ்பீக்கர் வைத்து ஆடுகிற இடம்.
ஒருத்தரும் என் தலையைப் பார்க்கவில்லை.
அங்கே புருவத்தில் வெட்டு,
காதில் ஏழு கம்பி,
வேட்டியை பேன்ட்டாய்த் தைத்துப் போட்ட ஒருவன்;
மயிலுக்கு என்ன மரியாதை?
ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.
கொஞ்சம் அழுகை வந்தது, உண்மையைச் சொன்னால்.
பிறகு போன் கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு
பொழுது விழும்வரை
எனக்கு நானே ஒறம்பரை.

'என்ன அம்மிணி, தல பளபளங்குது?'
'ஷாம்பு மாத்துனேம்மா.'
பொய்யில்லை. அதையும் மாற்றியிருந்தேன்.

பதினோரு நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாள், மாதாந்திரப் பராமரிப்பு.
பேப்பரில் போட்டிருந்ததாம்.
ஜெனரேட்டர் ரெண்டு தரம் இருமி நின்றது.
எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

பாய்லர் விறகுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவே
பங்குனி வெயில், பதினோரு மணி,
ஒளிய ஒரு வேப்பங்கன்று கூட இல்லை.
முதலில் பார்த்தது கேன்டீன் ராமாத்தாள்.
ஊற்றிக்கொண்டிருந்த டீ டம்ளர் தாண்டிப் போனது.
அப்புறம் டெய்லர் லைன் முழுக்க.
பீகார் பசங்கள் நாலு பேர் கைதட்டினார்கள்,
கிண்டலா மெச்சலா, இன்றுவரை தெரியாது.
ஜீவிதாதான் கிட்ட வந்து தொட்டாள்:
'ஏண்டி, இத்தன நாளா இது
என் பக்கத்துலயா உக்காந்திருந்துச்சு?'

சதாசிவம் வந்தார்.
கண்ணாடியை எடுத்து மாட்டினார்.
'நெழலுக்குப் போ.' போனேன்.
'வெயிலுக்கு வா.' வந்தேன்.
மறுபடி நிழல்.
'நெம்ப மாறுது' என்றார்,
யார் மேலோ புகார் சொல்வது போல.
'தெரிஞ்சுதான் பண்ணுனேங்க சார்.'
அவர் வாயைத் திறந்தார்.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

டியூப் லைட்டுகள் கண் சிமிட்டி எரிந்தன.
என் தலை கறுத்தது.
லேபுக்குள் போனதும் ஜீவிதா
என் கழுத்தைப் பிடித்துப் பெட்டிக்குள் திணித்து
பகல், கடை, பகல், கடை என்று தட்டினாள்.
'துணி வைக்கற எடம் அது!'
வாசலில் சதாசிவம்; திட்டிவிட்டும் போகவில்லை,
நின்று பார்த்தார்.

மூணாவது சுவிட்சுக்கு ஜீவிதாவின் விரல் போனபோது
வேண்டாம் என்றேன்.
ராமாத்தாள் எங்கள் வீதி.
ரெண்டு வீடு தள்ளி.