ஐம்பத்துநாலு இருக்கைக்கு ஒரு கணக்கு

பென்ட்ரைவ் போன கிழமை செத்தது.
ஒலுவிலில் ஏறிய ஒருவரின் முழங்கை பட்டு
பாட்டு பாதியில் முறிந்தது.
இஸ்ஸதீன் நானா கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்:
"போன்ல வாற ஒண்டப் பாத்து எடு மனே,
சல்லி நான் பாதி, நீ பாதி."

அக்கரைப்பற்றில் காலை ஐந்து இருபதுக்கு வெளிக்கிட்டு
மட்டக்களப்புக்குப் போகிற பஸ்.
நான் டிக்கெட் கிழிக்கிறவன்.
பாட்டுக்கும் நான்தான் ஏச்சு வாங்குகிறவன்.

முதலாவது இலவசம்.
நிந்தவூரில் ஒருத்தி சிங்களத்தில் சவர்க்காரம் விற்றாள்.
காரைதீவிலும் அவளேதான், அதே சவர்க்காரம்.
கல்முனையில் அவள் மூன்றாம் முறை வாய் திறந்தபோது
பின்னாலிருந்த பொடியன் ஒருவன் சேர்ந்து சொன்னான்,
மூச்சு விடுகிற இடம்கூடப் பிசகாமல்.
சனம் சிரித்தது.
நானா கியரை மாற்றினார், சிரிக்கவில்லை.

இரண்டாவதில் விளம்பரம் இல்லை.
அட்டை கேட்டது.
பதினாறு இலக்கம், முதுகுப் பக்கத்தில் இன்னும் மூன்று.
என்னிடம் இருப்பது அடையாள அட்டை,
இரத்தம் கொடுத்ததற்கு ஒன்று,
அம்மாவின் கிளினிக் அட்டை, மூலை நனைந்தது.

ஆறு பேர் சேர்ந்தால் மலிவு என்றும் சொன்னது.
ஆனால் ஆறு பேரும்
ஒரே விலாசத்தில் இருக்க வேண்டுமாம்.
சுகிர்தமலர் டீச்சர், கோழிக் கடை அஸ்மீர்,
இரவு வேலை முடிந்து எதிர்ப் பக்கம் போகிற நேர்ஸ்,
எல்லாரும் கிழமையில் ஐந்து நாள்
இருக்கிற இடம் இதுதானே என்று
விலாசம் எழுதும் கோட்டில்
பஸ்ஸின் நம்பரை அடித்துப் பார்த்தேன்.
செல்லாது என்று சிவந்தது.

மூன்றாவது
போனில் போட்ட காசிலிருந்து
நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொள்ளும்.
கல்லாற்றுப் பாலத்தில் வட்டம் சுற்றி நின்றாலும்
இரவிலேயே இறக்கி வைத்த பாட்டு நிற்காது.
சரி, இதுதான் என்றேன்.
உடனே அது கேட்டது:
உங்களுக்குப் பிடித்த மூன்று பாடகர்களைத் தெரிவு செய்யுங்கள்.

நான் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது ஏழு மாதம்.
வெள்ளிக்கிழமை நானாவுக்கு ஒரு கஸீதா.
களுவாஞ்சிக்குடியில் பிள்ளையார் பாட்டு,
டீச்சர் ஏறும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.
ஆரையம்பதி கழிந்ததும் பாங்கு கேட்டால்
சத்தம் பூச்சியம்.
கல்யாண ஹயருக்குப் பைலா.
ஓந்தாச்சிமடத்தில் ஒரு குழந்தை விடாமல் கத்தியதற்கு
தாலாட்டு, ஒன்பது தரம்.
கம்பஸ் பொடியன்களுக்கு
வசவு இல்லாத றாப், தேடித் தேடி.

எல்லாவற்றையும் அது நான் என்று எழுதி வைத்திருக்கிறது.
"உங்களுக்காக" என்று நீட்டுகிற பட்டியலில்
மாதாவும் வருகிறார், தவிலும் வருகிறது,
பிறகு யாரோ காதல் முறிந்து அழுகிறார்கள்,
பிறகு ஆராரோ.
இந்த ஆளுக்கு என்ன வயது, எந்த ஊர், என்ன வருத்தம் என்று
எங்கேயோ ஒரு மெஷின் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்.

நேற்று கடைசிப் பயணம். மழை.
பெரியகல்லாற்றில் கடைசி ஆளும் இறங்கியாயிற்று.
நானா சொன்னார்:
"ஆருமில்லையே, உனக்குப் புடிச்சதப் போடன்."

தேடுகிற பெட்டியைத் திறந்தேன்.
அதற்குள் ஒரு கோடு
விட்டு விட்டு மின்னியது.
பெரியநீலாவணை போனது.
மருதமுனை போனது, விளக்கெல்லாம் ஈரமாக.
ஒரு எழுத்தை அடித்தேன், அழித்தேன்.
"என்ன கா, நெட் இல்லியா?"
இருக்கு நானா, என்றேன்.
நாலாவது ஜன்னலின் ஆணி கழன்ற கண்ணாடி
தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டு வந்தது.

பாண்டிருப்பில் ஒரு கை நீண்டது.
குடையை உதறி ஏறிய மனிசி
நூறு ரூபாவைத் தந்துவிட்டு
மேலே ஸ்பீக்கரைப் பார்த்தா.
"பாட்டு இல்லியா தம்பி?"

என்ன போட, என்று கேட்டேன்.
கேட்டதில் எனக்கு வந்த நிம்மதியை
நானா கண்ணாடியில் பார்த்திருப்பார்.
அவக்கு மிச்சம் கொடுக்க
என்னிடம் சில்லறை இருக்கவில்லை.