சரிபார்த்தவர்

மூன்று தோட்டம் சேர்ந்து ஒரு பட்டணம் எங்களுடையது.
லாபிஸ் போகும் சாலையில் சயாம் கோயில் வளைவு தாண்டி
செம்பனைக் குலை வாங்கும் நிலையம்.
எடைமேடைக்கு மேலே கம்பத்தில் ஒரு கேமரா.
லோரி வந்து கொட்டும்.
அது ஒரு மூச்சு நேரம் பார்க்கும்.
பழம் இத்தனை, காய் இத்தனை,
பிடித்தம் இத்தனை ரிங்கிட் என்று திரை சொல்லும்.
ரசீது தானாக வரும்.
அடியில் ஒரு கோடு மட்டும் காலியாக இருக்கும்:
சரிபார்த்தவர்.
பதினான்கு மாதமாக அந்தக் கோட்டில்
குஞ்சரி ராமையா என்று எழுதி வருகிறேன்.

முதல் வாரம் ஒவ்வொரு குலையாகப் பார்த்தேன்.
"பின்னே அதை எதுக்கு வாங்கினேன்?"
மிஸ்டர் கோ தமிழிலேயே கேட்டுச் சிரித்தார்.
வெளியே பத்து லோரி ஹாரன்.
பார்ப்பதை விட்டேன்,
கையெழுத்தை விடவில்லை.

நவம்பரில் மழை.
கண்ணாடியில் நீர் வழிந்தால்
சிவப்பெல்லாம் அதற்குக் கறுப்பு.
பாக் மிஸ்கானுக்கு நாலு ஏக்கர்.
ரசீதுகளை அவர் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தது
யாருக்கும் தெரியாது.
மழை நாள்களுக்கு மட்டும் தனியே ரப்பர் பேண்டு.
அவரோடு சேர்த்து முப்பத்தொரு பேர் என்று
வக்கீல் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது.

விற்ற கம்பெனி ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னது.
நாற்பது பக்கம்.
இருபத்தாறில், எறும்பு வரிசை போல:
'கருவியின் முடிவு பரிந்துரை மட்டுமே.
இறுதித் தீர்மானம் வாடிக்கையாளரின்
மனிதப் பணியாளருடையது.'

மனிதப் பணியாளர்.
எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்,
அறையில் திடீரென்று ஒரு நாற்காலி முளைத்தது போல.

மாலையில் ஒட்டுக்கடை சாகுல்
ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டான்:
"அக்கா, உங்க மேல கேஸாமே?"
மேலே இருந்தது கேமரா.
என் மேல் கேஸ்.

எங்கள் வக்கீல் சிகாமட்டிலிருந்து வந்தார்.
ஷரிஃபா நூர்ஹயாத்தி, மெல்லிய குரல்.
மைலோவைக் கலக்கியபடி ஒரே கேள்வி:
"நீங்கள் குலைகளைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை என்றால்
பதினான்கு மாதம் நான் போட்டது பொய்.
பார்த்தேன் என்றால்
பழத்தைக் காய் என்றது நான்.
"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நவம்பர் பதினேழு, விளக்குப் போடும் நேரம்.
பாக் மிஸ்கானின் குலைகள் சரிந்தபோது
உதிரிப் பழங்கள் உருண்டு வந்து
என் செருப்பில் முட்டின.
காய்க்குலை உதிராது.
இந்த ஊர்ப் பூனைக்கும் அது தெரியும்.
திரை, எண்பத்திரண்டு காய் என்றது.
பழங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு
என் பெயரை எழுதினேன்.
அவர் ரசீதை வாங்கிக்கொண்டு
தெரிமா காசே என்றார்.

வழக்குக்கு இன்னும் தேதி வரவில்லை.
கம்பத்தில் அது கழுவிய கண்ணோடு இருக்கிறது,
அதற்குச் சம்மன் கிடையாது.
இன்று மறுபடி மழை.
லோரி பின்வாங்கி நிற்கிறது.
ரசீது வந்துவிட்டது.
பேனா மூடி விழுந்துவிட்டதென்று
குனிந்து தேடுகிறேன்.
மூடி கையில்தான் இருக்கிறது.
தரையெல்லாம் சிவப்பு.