ரொட்டிக்கடைக் கம்பம்

என் கையில் இருப்பது சுரண்டி.
கைப்பிடியில் காரகோல் நகராட்சி என்று பொறித்திருந்தது,
தேய்ந்து இப்போது ‘கார’ மட்டும் மிச்சம்.
ஓசியில் ஒட்டுகிறவர்களின் காகிதங்களைக்
கடைகள் திறக்குமுன் உரித்துவிட வேண்டும்.
சம்பளம் மாதக் கணக்கு, கம்பக் கணக்கு இல்லை,
ஆகவே எனக்கு யார்மேலும் கோபமில்லை.

பசையை வைத்தே ஆளைச் சொல்வேன்.
கடன் தருகிறவர்களுடையது தொழிற்சாலைப் பசை,
உரித்தால் கம்பத்தின் பெயின்ட்டும் கூடவே வரும்.
வீடு விற்பவர்கள் நாலு மூலைக்கும் டேப்.
கிதார் கற்றுத்தரும் பையன் சூயிங்கம்.
இவள் மட்டும் மைதா காய்ச்சி ஒட்டுவாள்.
தெருநாய்கள் அடியோரம் நக்கி
தொலைபேசி எண்ணில் இரண்டைத் தின்றிருக்கும்.

‘வாஷிங் மெஷின் நின்றுவிட்டதா?
கனிஷாய். ஐந்தாம் மாடியானாலும் வருவேன்.
சரியாகாவிட்டால் காசு வேண்டாம்.’
கீழே கத்தரியால் நறுக்கிய பன்னிரண்டு வால்கள்,
ஒவ்வொன்றிலும் அதே எண், நெட்டுவாக்கில்.
முதல் இரண்டு வால்கள் எப்போதும் இருக்காது.
ஒட்டியதும் அவளே கிழித்துக்கொள்கிறாள்,
ஏற்கெனவே யாரோ கூப்பிட்டதுபோல.
தெரிந்தபோது சிரித்தேன்.
பிறகு சுரண்டினேன்.

ஜனவரி, மைனஸ் பத்தொன்பது.
மகனின் சட்டைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு
எங்கள் மெஷின் தண்ணீரோடு நின்றது,
கதவும் திறக்கவில்லை.
‘ஊரிலுள்ள நம்பரெல்லாம் உன் கையில்தானே சாகிறது’
என்றாள் மேரிம்.
சாக்கைச் சமையலறையில் கவிழ்த்தேன்.
உறைந்து ஒரே கட்டி.
அடுப்பருகே வைத்து அரை மணி காத்திருந்தோம்,
இளகி வந்தது:
கடன், கடன், கடன், காணாமற்போன பூனை,
கனிஷாய்.

வந்தாள். ஆண்கள் பூட்ஸ்,
முதுகுப்பைக்குள் ஸ்பானர்கள் சண்டையிட்டன.
பம்ப்பிலிருந்து ஒரு பொத்தானையும்
ஐந்து சோம் நாணயத்தையும் எடுத்து
மேசைமேல் வைத்தாள், சாட்சிக்கு.
கூலி அறுநூறு. நாங்கள் பேரம் பேசவில்லை.
பிறகு ஒரு நோட்டுப்புத்தகம்:
‘என் விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள்?’

மேரிம் இருமினாள்.
மூலையில் சுரண்டி சுவரில் சாய்ந்திருந்தது,
நுனியில் மைதா.

‘ரொட்டிக்கடைக் கம்பத்தில்’ என்றேன்.

ஒரு கோடு போட்டாள்.
அந்தப் பக்கம் முழுக்கக் கம்பங்களின் பெயர்கள்:
ஆஸ்பத்திரி, சந்தை வாசல், ரஷ்யத் தேவாலயம்,
குதிரைச் சந்தைக்குப் போகும் திருப்பம்.
எதற்கு நேரேயும் ஒன்றுமில்லை.
‘அங்கேதான் ஜனங்கள் நின்று படிக்கிறார்கள் போல’
என்றபடி பூட்ஸை மாட்டினாள்.

மறுநாள் ரொட்டிக்கடைக் கம்பத்தில் மூன்று.
நான் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன்.
மேற்பார்வையாளர் எர்மெக் கேட்டார்.
‘பனி இறுகியிருக்கிறது, சுரண்டினால் பெயின்ட் போகும்.’
மார்ச் வரை அதே பதில்.
மார்ச் கடைசியில் பனியே இல்லை,
பதிலும் இல்லை.
அவரே நேரில் வந்தார்.
கண்ணாடி போட்டுக் கடைசி வரிவரை படித்தார்.
ஒரு வாலைக் கிழித்துக்
கடிகாரப் பட்டைக்குள் செருகினார்.
‘வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்’ என்றார்,
‘அப்புறம், இதைச் சுரண்டு.’

எண்ணினேன், இன்னும் நாலு.
நாலும் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

இன்று காலை ஒன்றுகூட இல்லை.
பல்லுப்போன சீப்புபோலக் காகிதம்,
பெயர் இருக்கிறது, ஐந்தாம் மாடி இருக்கிறது,
கூப்பிட வழியில்லை.
இதை உரிக்கலாம், இது வேலை முடித்த காகிதம்.
நகராட்சியின் சார்பில் பதமாகவே உரித்தேன்.

கம்பத்தைச் சுற்றி வந்தால்
பின்பக்கம் புதிதாய் ஒன்று.
பசை காயவில்லை.
இரண்டு வால்கள் குறைவு.
பக்கத்தில் ஒரு நாய்
நான் எப்போது போவேன் என்று
பார்த்துக்கொண்டிருந்தது.